உன் அப்பா வழி சொன்ன பயணம்

லவோன் சித்தி வீடு,
கார்ப்பஸ் கிறிஸ்டி,
ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்பு மகன் ரஸ்ஸலுக்கு அம்மா எழுதுவது. அந்தக் கடல் நடுவே எண்ணெய்க் கிணற்று மேடையில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, வெயிலில் தொப்பியை மறக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது. எழுதிவிட்டு அந்த 'நாங்கள்' என்ற சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அடிக்க மனசு வரவில்லை, இருக்கட்டும். மேலே ஊர்ப் பெயரைப் பார்த்துக் குழம்பியிருப்பாய். நான் டல்ஹார்ட்டில் இல்லை. உன் அப்பாவை வெள்ளிக்கிழமை இங்கே கொண்டுவந்து இல்லத்தில் சேர்த்துவிட்டேன். போனில் சொல்லிவிடலாம் என்று உன் நம்பரை அழுத்தி அழுத்தி வைத்துவிட்டேன், நீ அந்த எந்திரச் சத்தத்துக்கு நடுவில் நின்று "என்னம்மா, என்னம்மா" என்று கத்துவாய், அதனால் எழுதுகிறேன். நிதானமாக உட்கார்ந்து படி.

அப்பா இளவயதில் பட்டாளத்தில் இருந்தவர் என்று படைவீரர் இல்லத்தில் இடம் கேட்டு எழுதிப்போட்டிருந்தோமே, பக்கத்து ஊர்களில் எல்லாம் காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள், கடைசியில் டெக்சஸின் இந்தக் கோடியில்தான் ஒரு கட்டில் காலியானது, நாங்கள் இருப்பது அந்தக் கோடி. செவ்வாய்க்கிழமை போன் வந்தது. வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள் ஆள் வந்து சேராவிட்டால் அடுத்த பெயருக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். உன்னிடம் சொன்னபோது, "ரெண்டு வாரம் பொறுக்கச் சொல்லும்மா, எனக்கு மாத்தாள் வந்ததும் பொறப்பட்டு வந்துடறேன்" என்றாய். நீ வருவாய் என்று தெரியும். ஆனால் கட்டில் பொறுக்காது. நானும் பொறுக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டேன் என்று உன்னிடம் அப்போது சொல்லவில்லை. என் தோள்பட்டை, நான் உன்னிடம் சொன்னதுபோல, குளியலறையில் வழுக்கி விழுந்து உடைந்ததல்ல ரஸ்ஸல். காலையில் எழுந்தவர் என்னை யாரோ வீட்டுக்குள் நுழைந்த ஆள் என்று நினைத்துத் தள்ளிவிட்டார். அரை மணி கழித்து அவரே ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, "யாரு உன்ன இப்படிப் பண்ணது, சொல்லு, நான் போய்ப் பாக்கறேன்" என்றார். இதை நினைத்து நீ அவர்மேல் வருத்தப்படக் கூடாது, அதற்காகச் சொல்லவில்லை.

ஒரே பகலில் போய்ச் சேர வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. கண் டாக்டரைப் பார்க்க லப்பக் போனபோது விடுதியில் தங்கினோம் இல்லையா, விடியும்போது பக்கத்தில் ஆள் இல்லை, கதவு திறந்து கிடக்கிறது, காலுறையோடு நெடுஞ்சாலை ஓரமாகத் தன் லாரியைத் தேடி நடந்துகொண்டிருந்தார். அதிலிருந்து புது இடத்தில் அவரைத் தூங்கவைப்பது என்றாலே எனக்குப் பயம். விமானம் வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். லவோன் தான் வந்து ஓட்டுவதாகச் சொன்னாள், அவள் முட்டி ஆபரேஷன் ஆகி சக்கர நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், அவளை நான் ஏற்றிப்போக வேண்டும் போலிருக்கிறது. அமரில்லோவுக்கு அப்பால் நான் காரை ஓட்டியதே இல்லை என்று உனக்குத் தெரியும். எங்கே போனாலும் உன் அப்பாதானே ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து சாண்ட்விச் பிரித்துக் கொடுப்பேன்.

புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் ரோடு மேப்பை விரித்து வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் வழி வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், மலைப்பக்கம் சிக்னல் போய்விட்டால் நான் என்ன செய்வேன். அப்போது உன் அப்பா வந்து எதிரே உட்கார்ந்தார். அன்று காலையில் அவருக்குக் குளியலறை எங்கே என்று தெரியவில்லை, துணி அலமாரியைத் திறந்து நின்றார். அதே ஆள் மேப்பைத் தன் பக்கம் இழுத்து, "எங்க போகணும்?" என்றார். கார்ப்பஸ் என்றேன். விரலை டல்ஹார்ட்டில் வைத்தார், ரஸ்ஸல், அந்த விரல் ஒரு இடத்தில்கூட வழி தப்பவில்லை. "அமரில்லோவ விடியறதுக்கு முந்தி தாண்டிடு. லப்பக்ல ஊருக்குள்ள போகாத, சுத்துப்பாதையப் புடி. பிக் ஸ்பிரிங் வரைக்கும் காத்து பக்கவாட்டுல அடிக்கும், ஸ்டீரிங்க ரெண்டு கையாலயும் புடிச்சுக்கோ. சான் ஆஞ்சலோ தாண்டினா மரம் வரும், மரத்தப் பாத்துட்டே ஓட்டாத, மான் குறுக்க வரும்" என்று சொல்லிக்கொண்டே போனார். நான் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தேன். நம் வீட்டில் அப்படி ஒரு குரல் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. பிறகு தலையை நிமிர்த்தி, "சரக்கு என்ன?" என்றார்.

வாழ்நாள் முழுக்க மாட்டு லாரி ஓட்டியவரிடம் என்ன சொல்வது. மாடு என்று சொல்லிவிட்டேன். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "கன்னா, கொழுத்ததா?" என்றார். கன்று என்றேன். "அப்ப எங்கயும் நிக்கக் கூடாது. வண்டி நின்னா ஒண்ணு படுக்கும், ஒண்ணு படுத்தா மத்தது ஏறி மிதிச்சுடும். ஒரே ஓட்டமா போயிடணும்" என்றார். அன்று ராத்திரி சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். தான் எங்கே போகிறோம் என்று தெரியாமல் தன்னைக் கொண்டுபோய் விடுவதற்குத் தானே வழி சொல்லிக் கொடுக்கிறார், நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து உள்ளே போய்த் துணி மடிப்பதுபோல நின்றேன், வேறென்ன செய்ய.

வெள்ளிக்கிழமை இருட்டோடு கிளம்பினோம். உன் அப்பாவுக்கு நல்ல சட்டை, மேலே அந்தச் சாம்பல் நிறத் தொப்பி. சாவியை நான் எடுத்ததும், "நீயா ஓட்டப் போற?" என்று சிரித்தார். "நீ வழி சொல்லு, நான் ஓட்டறேன், இவ்வளவு தூரத்துக்கு ஒரு ஆள் கண்ணு பத்தாது" என்றேன், என்ன நினைத்தாரோ, ஏறி உட்கார்ந்தார். லப்பக் வரைக்கும் அவர் சொன்னதெல்லாம் சொன்னபடி வந்தது. பக்கத்தில் பெரிய லாரிகள் உரசுவதுபோலப் போகும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், "அவன் உன்னப் பாத்துட்டான், நீ உன் கோட்டுல போ" என்பார். லமீசா தாண்டியதும் எனக்கு ஒதுங்க வேண்டியிருந்தது, காபி அவ்வளவு குடித்திருக்கக் கூடாது. நிறுத்தப் போனால் விடமாட்டேன் என்கிறார். "மாட்டு லாரிக்காரனக் கட்டிக்கிட்டு இதுக்கெல்லாம் வண்டிய நிறுத்துவியா?" என்கிறார். எனக்குச் சிரிப்பும் வருகிறது, அடக்கவும் முடியவில்லை, பிக் ஸ்பிரிங் வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

ஸ்டெர்லிங் சிட்டியில் பெட்ரோல் போட்டே ஆக வேண்டியிருந்தது. குழாயை மாட்டிவிட்டுத் திரும்புகிறேன், பக்கத்து இருக்கை காலி. பார்த்தால் எதிரே நின்ற தண்ணி லாரியில் ஏறி ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடையிலிருந்து ஒரு பெண் வந்தாள், கை முழுக்கப் பச்சை குத்தியிருக்கிறாள், நல்ல ஆகிருதி, அவள்தான் அந்த லாரியின் டிரைவர். கத்தப் போகிறாள் என்று நான் ஓடினேன். அவள் படியில் ஒரு காலை வைத்து, "ஐயா, சீட்டு பிடிச்சிருக்கா? பிடிச்சிருந்தா ரெண்டு நடை நீங்களே அடிங்க, நான் வீட்ல போய்த் தூங்கறேன்" என்றாள். உன் அப்பா சிரித்துவிட்டு, "உன் கிளட்ச் தேஞ்சு போச்சும்மா" என்றார். "என் முதலாளிகிட்ட நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான்" என்று கையைக் கொடுத்து இறக்கிவிட்டாள். என் பக்கம் திரும்பி, எங்கே போகிறோம் என்று கேட்டாள். சொன்னதும், "தனியாவா?" என்றாள். பிறகு என் காரின் கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சியை எல்லாம் துடைத்துவிட்டுப் போனாள். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

ஈடன் தாண்டிக் கொஞ்ச தூரத்தில்தான் எல்லாம் கெட்டது. காற்றாலை இறக்கை ஒன்றை ஏற்றிக்கொண்டு போன நீள லாரி திரும்பும்போது சரிந்து ரோடு முழுக்க அடைத்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை, ஆனால் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. கொஞ்ச நேரத்திலேயே உன் அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நிக்குதே, நிக்குதே" என்று கதவைத் தட்டுகிறார். "கன்னு படுத்திருக்கும் ஆர்டிஸ், போய்ப் பாக்கணும்" என்று என்னைப் பார்த்துச் சொல்லி, நான் பிடிப்பதற்குள் இறங்கிவிட்டார். காருக்குப் பின்னால் போனார். அங்கே வெறும் ரோடு, அதற்குப் பின்னால் வேறு யாருடைய காரோ. அந்த முகத்தை நான் எப்படிச் சொல்ல. "மாடெல்லாம் எங்க? எங்க விட்டேன்? ஆர்டிஸ், கன்னெல்லாம் எங்க?" என்று வண்டிக்கு வண்டி குனிந்து பார்த்துக்கொண்டு ஓடுகிறார். ஜனங்கள் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார்கள். நான் அந்த இன்னும் முழுசாகக் கூடாத தோளோடு பின்னாலேயே ஓடுகிறேன். நான் சொன்ன பொய்தான் ரஸ்ஸல், சாப்பாட்டு மேசையில் சுலபமாக இருந்தது, நடுரோட்டில் அவரை இப்படி அலையவைத்தது.

ஒரு வழியாகக் கையைப் பிடித்து, கன்றுகளை லப்பக்கிலேயே இறக்கிவிட்டோம், ஒன்றுகூடக் குறையவில்லை என்றேன். நின்று யோசித்தார். முகம் மெல்லத் தெளிந்தது. "அப்ப காலி வண்டியா?" என்றார். ஆமாம் என்றேன். "காலி வண்டின்னா வீட்டுக்குத்தான போகணும்? எதுக்கு இந்தப் பக்கம் போறோம்? திருப்பு, வீட்டுக்குப் போலாம்" என்றார். அதற்கு என்னிடம் பொய் எதுவும் மிச்சமில்லை. ரோட்டோரம் முள்வேலிப் பக்கமாக அவரை நிறுத்தி உண்மையைச் சொன்னேன். உனக்கு மறதி வந்திருக்கிறது, என்னால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை, உன்னைப் போன்றவர்கள் இருக்கும் இடத்தில் விடப் போகிறேன் என்றேன். கவனமாகக் கேட்டார். அந்த நேரம் அவர் முழுசாக அங்கே இருந்தார், சத்தியமாகச் சொல்கிறேன், நான் கட்டிக்கொண்ட அந்தப் பழைய வெல்டன். "நீயும் அங்க இருப்பியா?" என்றார். இல்லை என்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளைப் பார்த்தபடி நின்றார். "சரி. உனக்கு ரோடு புதுசு. பிரேடி ஊர்ல வேகத்தக் குறைச்சுக்கோ, போலீஸ் நிப்பான்" என்றார். அவ்வளவுதான். காரில் போய் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

அதோடு முடிந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். ரோடு திறந்து மேசன் போவதற்குள் அவருக்கு எல்லாம் மறந்துவிட்டது. எங்கே போகிறோம் என்று மறுபடி கேட்டார். உண்மையைச் சொன்னால் ஏற்றுக்கொண்டாரே என்று நம்பி மறுபடியும் உண்மையையே சொன்னேன். இந்தத் தடவை அழுதார். "நான் என்ன பண்ணேன்? உன்ன அடிச்சேனா? அடிச்சேனா ஆர்டிஸ்?" என்று கேட்டார். இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன், எனக்கு ரோட்டில் கவனமே இல்லை, ஒரு பீச் பழக்கடை ஓரமாக நிறுத்திவிட்டேன். கடைக்காரர் ஒரு பழத்தை நறுக்கி இரண்டு பேருக்கும் கொடுத்தார், அதைச் சாப்பிட்டதும் அழுதது மறந்துவிட்டது, எனக்குத்தான் மறக்கவில்லை. ஃப்ரெடரிக்ஸ்பர்க்கில் மூன்றாம் முறை கேட்டார். கடல் பார்க்கப் போகிறோம் என்றேன். "நல்லது. நீ எப்பவும் கேட்டுட்டே இருப்ப, எனக்குத்தான் ஒழியல" என்றார். அதுவும் உண்மைதானே, கல்யாணம் ஆனதிலிருந்து கேட்டேன்.

சான் அன்டோனியோவில் ஆபீஸ் விடும் நேரத்தில் மாட்டிக்கொண்டோம். ஒன்றன்மேல் ஒன்றாகப் பாலம், எந்தப் பலகையைப் பார்ப்பது என்று தெரியவில்லை, வழி சொல்ல வேண்டியவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை தப்பான பக்கம் இறங்கினேன். சாயந்திரத்துக்குள் போய்ச் சேர மாட்டோம் என்று தெரிந்துவிட்டது. ஓரமாக நிறுத்தி இல்லத்துக்குப் போன் செய்து, நேரம் தவறிவிட்டது, கட்டிலைக் கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். ஒஃபீலியா என்று ஒரு நர்ஸ் பேசினாள். "நீங்க பதறாம வாங்கம்மா. நான் டூட்டி முடிஞ்சாலும் போகல. சாப்பாட எடுத்து மூடி வைக்கிறேன். அவருக்குக் காரம் ஒத்துக்குமா?" என்றாள். அந்தக் காரம் ஒத்துக்குமா என்ற கேள்விக்குத்தான் நான் அன்று முதல் தடவை அழுதேன்.

போய்ச் சேரும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஒஃபீலியா வாசலிலேயே நின்றாள். இவர் தூக்கம் கலைந்து இறங்கினார், முதுகை நிமிர்த்திக்கொண்டு தொப்பியைச் சரி செய்தார். கடல் காற்று அடித்தது, அதை நன்றாக இழுத்து மூச்சு விட்டார். உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தது, கோழிக் குழம்பு வாசனை வந்தது, ஒரு கூடத்தில் இரண்டு கிழவர்கள் டாமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பூட்டு வைத்த கதவுவரை நான் கூடப் போனேன். அதற்குமேல் இன்று வேண்டாம், நீங்கள் விட்டுவிட்டுப் போவதைப் பார்த்தால் அவருக்குக் கஷ்டம் என்று ஒஃபீலியா மெதுவாகச் சொன்னாள். எப்படி விடைபெறுவது என்று நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன், கட்டிப்பிடிக்கப் போனேன். உன் அப்பா தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையை என்னிடம் நீட்டினார். "ரொம்ப நன்றிங்கம்மா. இவ்வளவு தூரம் சிரமப்பட்டுக் கொண்டுவந்து விட்டீங்க. நல்லா ஓட்டறீங்க. இருட்டறதுக்குள்ள கிளம்புங்க, உங்க வீட்டுக்காரர் தேடிட்டிருப்பார்" என்றார். நான் கையைக் குலுக்கினேன். ஆமாங்க, தேடுவார் என்றேன். கதவு மூடிக்கொண்டது.

இரண்டு வாரம் வர வேண்டாம், அவர் பழகட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நேற்றும் இன்றும் போன் செய்து கேட்டேன். சாப்பிட்டாராம், தூங்கினாராம், டாமினோ ஆடுகிறவர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தப்பாக ஆடுகிறார்கள் என்று திட்டுகிறாராம். என்னைக் கேட்டாரா என்று கேட்கவில்லை, ஒஃபீலியாவும் சொல்லவில்லை. லவோன் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு எனக்குச் சோளரொட்டி சுட்டுத் தருகிறாள், இங்கேயே இருந்துவிடு என்கிறாள். எனக்கு ஒரு முடிவும் தோன்றவில்லை. டல்ஹார்ட்டில் வீடு பூட்டிக் கிடக்கிறது, திரும்பி அவ்வளவு தூரம் தனியாக ஓட்ட என்னால் முடியும் என்று தோன்றவில்லை. காலையில் எழுந்து கடற்கரைவரை போகலாம் என்று காரில் ஏறினேன், சாவியைப் போட்டேன், பக்கத்து இருக்கையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

நீ இதைப் படித்துவிட்டு வேலையைப் போட்டுவிட்டு ஓடி வராதே, விடுப்பு கிடைக்கும்போது நிதானமாக வா. கழுத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த மச்சத்தை டாக்டரிடம் காட்டினாயா, இல்லையா, அதை முதலில் எழுது. அப்பாவிடம் பேச வேண்டுமானால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போன் செய், அப்போதுதான் கொஞ்சம் தெளிவாக இருக்கிறார். எடுத்ததும் உன் பெயரைச் சொல், அவர் மகன் என்பதையும் சேர்த்துச் சொல், கண்டுபிடிக்கட்டும் என்று சோதிக்காதே. எப்போது வீட்டுக்குக் கூட்டிப்போவாய் என்று உன்னிடம் கேட்பார். என்ன பதில் சொல்வது என்று என்னைக் கேட்காதே கண்ணு, உண்மையையும் சொல்லிப் பார்த்தேன், பொய்யையும் சொல்லிப் பார்த்தேன், இரண்டுமே அவருக்குத் துணைக்கு வரவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எனக்கும் சொல்.

கடவுள் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். நீ தூங்கும் இடத்தில் அலைச்சத்தம் கேட்கும் என்றாயே, இங்கேயும் கேட்கிறது.

மாறாத அன்புடன்,
உன் அம்மா,
ஆர்டிஸ்